தீர்ப்பு பார்வையாளர் கையில்: நீதிமன்றக் கொலை மர்ம நாடகத்தை மேடையேற்ற முழுமையான வழிகாட்டி

பார்வையாளர்கள் தீர்ப்பு சொல்லும் நாடகம் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இடைவேளைக்கு முன்பே எல்லோருக்கும் தீர்ப்பு தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு எத்தனை சாட்சிகள் வந்தாலும், வழக்கறிஞர் எவ்வளவு முழங்கினாலும், வாக்குச்சீட்டு வெறும் சடங்காகிவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் அரங்க அமைப்பு, உடை, ஒளி ஆகியவற்றைவிட வழக்கைக் கட்டும் வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். சமநிலை இல்லாத வழக்கை ஒத்திகையில் காப்பாற்ற முடியாது.

இந்த வடிவம் புதிதல்ல. அயன் ராண்ட் எழுதி 1935இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறிய ‘நைட் ஆஃப் ஜனவரி 16த்’ நாடகத்தில், ஒவ்வொரு காட்சியிலும் பார்வையாளர்களிலிருந்து பன்னிரண்டு பேர் நடுவர்களாக மேடையேறினார்கள். அவர்கள் சொல்லும் தீர்ப்புக்கேற்ப இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. இன்று நாம் செய்வதும் அடிப்படையில் அதேதான்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

கதைக்கு முன்பே ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: வாக்குச்சீட்டில் என்ன கேள்வி இருக்கப்போகிறது? “கொலையாளி யார்?” என்று கேட்கலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது புதிர் விளையாட்டு. நான்கைந்து பேரில் ஒருவரைச் சுட்டச் சொன்னால் பார்வையாளர்கள் சாட்சியத்தை எடைபோட மாட்டார்கள். ‘யாரைச் சொன்னால் ஆசிரியர் நம்மை ஏமாற்றியிருப்பார்’ என்று ஊகிக்கத் தொடங்குவார்கள். பெரும்பாலும் மிகக் குறைவாகப் பேசிய பாத்திரத்துக்கே வாக்கு விழும்.

“இவர்தான் செய்தார் என்பது நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா?” என்ற கேள்வி வேறு வகை. ‘எனக்கென்னவோ இவள்தான் என்று தோன்றுகிறது, ஆனால் அதற்காக ஆயுள் தண்டனை கொடுத்துவிட முடியுமா?’ என்று பக்கத்து இருக்கைக்காரருடன் ஒருவர் தகராறு செய்வது இந்தக் கேள்வியால் மட்டுமே நடக்கும். நாடகத்தின் உயிர் அந்தத் தகராறில்தான் இருக்கிறது.

ஒரு மரணம், ஒரு குற்றம் சாட்டப்பட்டவர், ஒரு கேள்வி. ‘குற்றவாளி’, ‘குற்றவாளி அல்ல’ என்று இரண்டே விடைகள். மூன்றாவதாக ஏதாவது கொடுக்கலாமா என்று குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் நீண்ட காலம் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற மூன்றாவது தீர்ப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அரங்கில் அதைக் கொடுத்தால், தயங்குபவர்கள் எல்லோரும் அதற்குள் ஒளிந்துகொள்வார்கள்.

நடப்பில் உள்ள வழக்கையோ, அடையாளம் காணக்கூடிய உண்மை மனிதர்களையோ தொடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு புறம் இருக்கட்டும். செய்தியில் படித்த வழக்கென்றால் பார்வையாளர்கள் தீர்ப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவார்கள். பொதுமக்களே தீர்ப்பு சொல்லும் நடுவர் குழு முறை எல்லா நாடுகளிலும் இல்லை. அதனால் நாடும் ஊரும் பெயரில்லாத ஒரு கற்பனை நீதிமன்றமே வசதி. விதிகளை நீதிபதியே தொடக்கத்தில் சொல்லிவிடலாம்.

வழக்கைக் கட்டுதல்: இரண்டு முழுக் கதைகள்

இதுதான் மிகப் பெரிய வேலை. எடுத்த எடுப்பில் வசனம் எழுத உட்காராதீர்கள். முதலில் கொலை நடந்த நாளின் கால அட்டவணையை ஒரு பெரிய தாளில் எழுதுங்கள்: யார், எங்கே, எத்தனை மணிக்கு. பிறகு அதே அட்டவணையிலிருந்து இரண்டு கதைகளை எழுதுங்கள். ஒன்று அரசுத் தரப்பின் கதை, மற்றொன்று எதிர்த்தரப்பின் கதை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போதும். ஆனால் ஒவ்வொன்றும் எல்லாச் சான்றுகளையும் விளக்கியாக வேண்டும். ஒரு சான்றைக்கூட ஒரு கதை கண்டும் காணாமல் தாண்டிப்போனால், பார்வையாளர்களில் ஒருவராவது அதைப் பிடித்துக்கொள்வார்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு போகலாம். ஓர் அச்சக உரிமையாளர் காலையில் தம் அலுவலக அறையில் தலையில் அடிபட்டு இறந்து கிடக்கிறார். அருகில் தாள்கட்டின் மேல் வைக்கும் இரும்பு எடைக்கல். குற்றம் சாட்டப்பட்டவர் பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் கணக்காளர், ஒரு பெண். முந்தைய நாள் மாலைதான் கணக்கில் பெரிய தொகை குறைவது வெளிப்பட்டிருக்கிறது. இருவருக்கும் வாக்குவாதம் நடந்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டதாகச் சொல்கிறார்.

இப்போது சான்றுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டு விளக்கங்களை எழுதுங்கள்.

எடைக்கல்லில் அவர் கைரேகை இருக்கிறது. அரசுத் தரப்பு: அதைக் கையில் எடுத்தார். எதிர்த்தரப்பு: தினமும் அவர் மேசையில் இருக்கும் கல், ரேகை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். (கைரேகை ஒருவர் தொட்டார் என்பதைக் காட்டும், எப்போது தொட்டார் என்பதைப் பொதுவாகக் காட்டாது. மேடைக்கு இது பொன்னான விவரம்.)

அவர் குடை நனைந்திருந்ததைப் பத்தேகால் மணிக்கு அண்டை வீட்டுப் பெண் பார்க்கிறார். மழை பெய்தது ஒன்பது இருபதிலிருந்து பத்து மணி வரை மட்டும். அரசுத் தரப்பு: ஒன்பது மணிக்கே கிளம்பியவர் மழைக்கு முன்பே வீடு சேர்ந்திருப்பார், குடை எப்படி நனைந்தது? எதிர்த்தரப்பு: பஸ் வரவில்லை, நிறுத்தத்தில் மழையில் நின்றார்.

எதிர்க்கடைக்காரர் ஒன்பது முப்பத்தைந்துக்கு அவரை அலுவலக ஜன்னலில் பார்த்ததாகச் சொல்கிறார். அடுத்த கட்டடத்துத் தையல்காரரோ, வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, “ஒன்பதரைக்கு மின்சாரம் போனது, கடையைச் சாத்திவிட்டேன்” என்கிறார். இருட்டில் முகம் தெரிந்தது எப்படி?

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு கூற்றுகளும் இரண்டு வெவ்வேறு சாட்சிகளிடம், அரை மணி நேர இடைவெளியில் வருகின்றன. எந்த வழக்கறிஞரும் அவற்றைச் சேர்த்துக் காட்டக் கூடாது. பார்வையாளர்களில் பாதிப் பேராவது தாமாகவே சேர்த்துப் பார்ப்பார்கள். தாம் கண்டுபிடித்ததை மனிதர்கள் கடைசி வரை விடமாட்டார்கள். ஆனால் அங்கேயே விட்டுவிட்டால் வழக்கு எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் சம்பவ இடத்துப் புகைப்படத்தில், மேசையின் ஓரத்தில் ஓர் அவசர விளக்கு இருக்கட்டும். அதைப் பற்றியும் யாரும் பேச வேண்டாம். புகைப்படத்தை நன்றாகப் பார்த்தவர் இடைவேளையில் சொல்லிக்கொள்வார், மற்றவர் மறுப்பார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு சான்றுகள் போதும். இருபது வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது. எந்த ஒரு சான்றும் தனியாக வழக்கை முடித்துவிடக் கூடாது என்பதே அளவுகோல். மரபணுச் சோதனை, கண்காணிப்புக் கேமரா, கைப்பேசி இருப்பிடப் பதிவு மூன்றும் இந்த விஷயத்தில் ஆபத்தானவை. ஒன்று கதையை அவை இல்லாத காலத்துக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அவை ஏன் உதவவில்லை என்பதை ஒரே வரியில் நம்பும்படி சொல்லிவிடுங்கள்.

மருத்துவச் சாட்சியை எழுதும்போது திரைப்படப் பழக்கத்தை விடுங்கள். ‘மரணம் சரியாக ஒன்பது நாற்பதுக்கு’ என்று எந்தத் தடயவியல் மருத்துவரும் சொல்ல மாட்டார். இறந்த உடல் விறைப்பது பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொடங்கி ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் முழுமையடையும். அறையின் வெப்பம், உடல்வாகு, உடை ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். அதனால் அவர் தருவது ஒரு கால இடைவெளி மட்டுமே. நம் வழக்கில் ‘எட்டு முதல் பதினொன்று வரை’. இரு தரப்பும் அந்த மூன்று மணி நேரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கட்டும்.

வேறொருவர் செய்திருக்கலாம் என்ற நிழலும் வேண்டும். உரிமையாளரின் தம்பியிடம் இன்னொரு சாவி இருந்தது என்று ஒரு தகவல் வரட்டும். அதோடு நிறுத்துங்கள். தம்பியை வில்லனாக வளர்த்தால் நாடகம் மறுபடியும் ‘யார் கொலையாளி’ விளையாட்டாகிவிடும்.

உண்மை என்ன என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ‘எதையும் முடிவு செய்யாமல் விட்டுவிடலாம், அதுதான் ஆழம்’ என்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. நடந்தது என்ன என்று தெரியாமல் எழுதினால் நேரக் கணக்குகள் எங்கோ ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். அந்த உண்மை குற்றம் சாட்டப்பட்டவராக நடிப்பவருக்கும் தெரிய வேண்டும். தெரியாமல் நடிப்பவர் ‘மர்மமாக’ நடிக்க முயல்வார்: ஒரு பார்வை, ஒரு பாதிச் சிரிப்பு, தேவையில்லாத மௌனம். அது எரிச்சலைத்தான் தரும். உண்மை தெரிந்தவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: செய்யாதவர் பதறுவார், செய்தவர் பதறாமலிருக்க முயல்வார். இரண்டையும் பார்வையாளர்கள் இரண்டு விதமாகவும் படிப்பார்கள்.

மற்ற நடிகர்களுக்குச் சொல்ல வேண்டாம். அவரவர் பாத்திரம் எதை நம்புகிறதோ அதை மட்டும் அவர்கள் அறிந்திருந்தால் போதும். அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குத் தம் வழக்கில் முழு நம்பிக்கை இருக்க வேண்டும்.

சாட்சிகளின் வரிசையும் வசனமும்

ஒன்றரை மணி நேர விசாரணைக்கு ஆறு சாட்சிகள், ஏழாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர். இதற்கு மேல் போனால் முகங்கள் குழம்பும். அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குற்றச்சாட்டு வாசிப்பு, இரு தரப்புத் தொடக்க உரை, அரசுத் தரப்புச் சாட்சிகள், இடைவேளை, எதிர்த்தரப்புச் சாட்சிகள், நிறைவு வாதங்கள், நீதிபதியின் அறிவுரை, வாக்கெடுப்பு.

இடைவேளைக்கு முன் கடைசியாக வரும் சாட்சிதான் தேநீர் நேரப் பேச்சைத் தீர்மானிப்பார். அந்த இடத்தில் அரசுத் தரப்பின் வலிமையான சாட்சி நிற்கட்டும். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரைக் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணையில் ஒரு சிறு விரிசலும் விழட்டும். நம் வழக்கில் அவர் எதிர்க்கடைக்காரர்.

சாட்சியை அழைத்த தரப்பே கேள்வி கேட்கும் முதன்மை விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே வசனத்தின் தாளம் இரண்டு விதமாகப் பிரிந்துவிடும். முதன்மை விசாரணையில் சாட்சி நீளமாகப் பேசுவார். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் பேசுவார், சாட்சிக்கு ‘ஆம்’, ‘இல்லை’ மட்டுமே மிஞ்சும்.

“மணி ஒன்பது முப்பத்தைந்து என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

“வானொலியில் ஒன்பதரைச் செய்தி அப்போதுதான் முடிந்தது.”

“அந்த வானொலி மின்சாரத்தில் ஓடுவதுதானே?”

“இல்லை. பேட்டரி.”

“வேறு கேள்வி இல்லை.”

வழக்கறிஞர் எதையோ தேடிப்போய், கிடைக்காமல் பின்வாங்கினார் என்பது அரங்குக்குப் புரியும். எதைத் தேடினார் என்பது தையல்காரர் சொன்னதைக் கவனித்தவர்களுக்குப் புரியும். இதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை விளக்கினாலும் காட்சி கெட்டுவிடும்.

‘ஆட்சேபணை!’ என்ற கூச்சலைக் கட்டுப்படுத்துங்கள். நாடகம் முழுவதும் ஐந்தாறு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும்: கேட்டறிந்ததைச் சாட்சியமாகச் சொல்வது, பதிலை ஊட்டும் கேள்வி, வழக்குக்குத் தொடர்பில்லாதது. நீதிபதி சிலவற்றை ஏற்கவும் சிலவற்றை நிராகரிக்கவும் வேண்டும். நீதிபதி ஒரு தரப்பின் பக்கம் சாய்வதாகத் தோன்றினால் பார்வையாளர்களும் கூடவே சாய்வார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரைக் கூண்டில் ஏற்றுவதா வேண்டாமா? ஏற்றுங்கள். சட்டப்படி அவர் மௌனமாக இருக்கலாம். ஆனால் ஒன்றரை மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மக்கள் அவர் குரலைக் கேட்காமல் வாக்களிக்க விரும்ப மாட்டார்கள். ஒரு சின்னப் பொய்யை அவரிடமிருந்து வெளிக்கொண்டு வாருங்கள். கொலைக்குத் தொடர்பில்லாத, அவமானத்தால் சொன்ன பொய். கணக்கில் குறைந்த தொகையில் ஒரு பகுதியைத் தாம்தான் எடுத்தார் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்கிறார் என்று வையுங்கள். பொய் சொன்னவர் கொலையும் செய்தவரா? அரங்கு அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும்.

அரங்கை நீதிமன்றமாக்குதல்

செலவு செய்ய வேண்டிய இடம் இதுவல்ல. உயரமான ஒரு மேடையில் நீதிபதியின் மேசை, இரு பக்கம் வழக்கறிஞர் மேசைகள், சாட்சிக் கூண்டு, குற்றவாளிக் கூண்டு. கவனிக்க வேண்டியது கோணம்தான். உண்மையான நீதிமன்றத்தில் சாட்சி நீதிபதியையும் வழக்கறிஞரையும் பார்த்துப் பேசலாம்; இங்கே தீர்ப்பு சொல்பவர்கள் அரங்கில் இருப்பதால் சாட்சிக் கூண்டு அவர்களை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எப்போதும் பார்வையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது அவர் கேட்டுக்கொண்டிருப்பதே பாதி நடிப்பு.

பார்வையாளர் பகுதி விளக்குகளை முழுதாக அணைக்காதீர்கள். மங்கலாக எரியட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தால்தான் தாம் ஒரு குழு என்ற உணர்வு வரும். குறிப்பெடுக்கவும் வெளிச்சம் வேண்டும்.

சான்றுப் பொருள்கள் கடைசி வரிசைக்கும் தெரியும் அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெரிய எண். சிறியவற்றை நகலெடுத்து நுழைவாயிலிலேயே ஓர் உறையில் கொடுத்துவிடலாம்: அலுவலகத்தின் தரைப்படம், சம்பவ இடத்துப் புகைப்படம், மருத்துவ அறிக்கையின் ஒரு பக்கம், ஒரு பென்சில். அவசர விளக்கு இருக்கும் அந்தப் புகைப்படம் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இருக்கை காட்டுபவர்கள் நீதிமன்றப் பணியாளர் உடையில் இருக்கட்டும். விளக்கு மங்கியதும் எழுத்தர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு வரி உறுதிமொழி வாங்கட்டும். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் எழுந்து நின்று வாய்விட்டுச் சொன்ன பிறகு மக்கள் சாய்ந்து உட்கார்வதில்லை.

யார் வாக்களிப்பது, எப்படி எண்ணுவது

அரங்கு முழுவதும் வாக்களிப்பதா, பன்னிரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுப்பதா? பன்னிரண்டு பேர் மேடையில் அமர்ந்து விவாதிப்பதைப் பார்ப்பது சுவையானது. ஆனால் வாயாடி ஒருவர் அதில் இருந்தால் மற்றப் பதினொரு பேரும் அவர் சொல்வதைக் கேட்கத் தொடங்குவார்கள். மற்ற பார்வையாளர்கள் வெறும் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். ஒருமித்த தீர்ப்பும் பத்து நிமிடத்தில் வராது. இங்கிலாந்தில் உண்மையான நடுவர் குழுவே நீண்ட நேரம் விவாதித்தும் ஒன்றுபடாதபோது, பன்னிரண்டில் பத்துப் பேர் சொன்னால் போதும் என்று நீதிபதி அனுமதிக்க முடியும். அறுபது பேருக்குக் குறைவான சிறு அரங்கில் பன்னிரண்டு பேர் முறையை முயன்று பாருங்கள். பெரிய அரங்கில் எல்லோருக்கும் வாக்கு.

எனக்குப் பிடித்தது வில்லை முறை. ஒவ்வொருவருக்கும் நாணயம் போன்ற ஒரு வில்லை. வெளியே போகும் வழியில் திரைக்குப் பின்னால் இரண்டு மூடிய பெட்டிகள். விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு மறுபக்கம் வழியாக வந்து அமர வேண்டும். ரகசியமானது, எண்ணுவது எளிது. இரு நிற அட்டைகளை உயர்த்தச் சொல்வது இன்னும் வேகமானது, பார்க்கவும் அழகு. ஆனால் கணவர் எந்த அட்டையைத் தூக்குகிறார் என்று பார்த்துவிட்டுத் தூக்குபவர்கள் இருப்பார்கள். கைப்பேசி வாக்கெடுப்பு வசதிதான். இணையம் சறுக்கினால் மாற்று வழி வேண்டும் என்பதால் காகிதச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.

எண்ணும் வேலையை இருவர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட வேண்டும். அரங்கின் முழு எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து ஒத்திகையிலேயே எண்ணிப்பார்த்து எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு மேடையில் ஏதாவது நடக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே இரு வழக்கறிஞர்களும் தனியாகப் பேசிக்கொள்ளும் ஒரு சிறு காட்சி பொருத்தமாக இருக்கும். நீளத்தைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் இடம் விட்டு எழுதுங்கள்.

சரிபாதியாக வந்தால்? சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. இதை வாக்கெடுப்புக்கு முன்பே நீதிபதி அறிவித்துவிட வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதுமா என்பதும் உங்கள் முடிவு. ‘குற்றவாளி’ என்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வைத்தால் சட்டத்தின் உணர்வுக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் விடுதலை முடிவே மறுபடி மறுபடி வரும். அப்போது வழக்கை அரசுத் தரப்பின் பக்கம் கூடுதலாகச் சாய்த்து எழுத வேண்டும்.

பொய்யாக எண்ணாதீர்கள். ‘அந்த முடிவுக் காட்சிதான் நன்றாக இருக்கிறது, இன்று விமர்சகர் வந்திருக்கிறார்’ என்று குழுவில் யாராவது காதைக் கடிப்பார்கள். ஒரே ஒருமுறை செய்தாலும் வெளியே தெரிந்துவிடும். எண்ணிக்கையை மேடையில் அப்படியே வாசியுங்கள். 94க்கு 89 என்று கேட்டதும் அரங்கில் எழும் சத்தம் எந்த வசனத்துக்கும் வராது.

நீதிபதியின் அறிவுரை

வாக்கெடுப்புக்கு முந்தைய இந்த மூன்று நிமிடங்களைப் பலர் அலட்சியமாக எழுதுகிறார்கள். தீர்ப்பை எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய உரை இதுதான்.

“நீங்கள் இங்கே கேட்டதும் பார்த்ததும் மட்டுமே சாட்சியம். வழக்கறிஞர்களின் பேச்சு சாட்சியம் அல்ல. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. தாம் நிரபராதி என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை. இவர் செய்திருக்கக்கூடும் என்று மட்டும் உங்களுக்குத் தோன்றினால் அது போதாது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த பிறகும் நியாயமான சந்தேகம் எஞ்சினால், அவரை விடுவிக்க வேண்டும்.”

இதை எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசிக்க வேண்டும். ‘நியாயமான சந்தேகம்’ என்பதில் அழுத்தம் கொடுத்தால் விடுதலை வாக்குகள் கூடுவதைக் காணலாம்.

கேள்வியின் வடிவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மன் எழுத்தாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஷீராக் எழுதிய ‘டெரர்’ நாடகம் நல்ல பாடம். கடத்தப்பட்ட விமானத்தில் 164 பேர். அது 70,000 பேர் கூடியிருக்கும் விளையாட்டரங்கை நோக்கிப் போகிறது. கட்டளையை மீறி அதைச் சுட்டு வீழ்த்திய விமானியின் மீது வழக்கு. 2015இல் மேடையேறியது. அதன் திரை வடிவம் 2016இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது ஜெர்மனியில் வாக்களித்தவர்களில் 86.9 விழுக்காட்டினர் விடுதலை என்றார்கள். இரண்டே விடைகள் கொடுத்து, இடையில் இருக்கும் சட்ட வேறுபாடுகளை மக்களுக்குச் சொல்லவில்லை என்று சட்டத்துறையிலிருந்து கடுமையான விமர்சனம் வந்தது. அறச்சிக்கலைக் கேட்கும் நாடகத்தில் அந்த விமர்சனம் நியாயமானது. நடந்ததா இல்லையா என்று கேட்கும் கொலை வழக்கில் இரண்டு விடைகள் போதும். கொலை செய்தது சரியா என்று கேட்கத் தொடங்கினால் அதே வம்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டு முடிவுகள்

ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள். தீர்ப்பு வாசிக்கப்பட்ட பிறகு பார்வையாளர்களின் வேலை முடிந்துவிடுகிறது, நீட்டினால் எழுந்துவிடுவார்கள்.

விடுதலை கிடைத்ததும் குற்றம் சாட்டப்பட்டவர் தனியாக நின்று அரங்கைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரிப்பது, தண்டனை கிடைத்ததும் தம்பி சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு போவது இரண்டும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் முடிவுகள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு மணி நேரம் யோசித்து வாக்களித்தவரை ‘ஏமாந்தாயா’ என்று கேலி செய்வது அது. அடுத்த முறை அவர் வர மாட்டார்.

பார்வையாளர்கள் எதைச் சொன்னாலும் அதுவே உண்மை என்று காட்டும் முடிவும் உண்டு. மென்மையானது, ஆனால் சாரமில்லாதது. தீர்ப்பு எதுவானாலும் உண்மை மாறக் கூடாது.

நான் விரும்புவது உண்மையைச் சொல்லாமல் விளைவை மட்டும் காட்டும் முடிவு. தண்டனை என்றால், கணக்காளர் தம் கைப்பையை எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்து, வீட்டில் யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். விடுதலை என்றால், இறந்தவரின் மனைவி எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார். வேறு யாரையாவது தேடுவீர்களா என்று காவல் அதிகாரியிடம் கேட்கிறார். அவர் இல்லை என்கிறார். எந்த வாக்கை அளித்தவருக்கும் அதன் எடை கொஞ்சம் தெரியும்.

ஒத்திகையும் சமன்செய்தலும்

நடிகர்கள் வசனம் மனப்பாடம் செய்வதற்கு முன்பே, வழக்கு தெரியாத பத்துப் பதினைந்து பேரை அழைத்து முழுவதையும் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு சாட்சி முடிந்ததும், குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று ஒவ்வொருவரும் ரகசியமாக எழுத வேண்டும். அந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். நல்ல வழக்கில் எண்கள் ஏறி இறங்கும். ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் எந்தச் சாட்சியில் சிக்கல் என்று அங்கேயே தெரியும்.

கடைசி வாக்கு நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட விழுக்காட்டில் வரும்வரை திருத்துங்கள். பெரிய மாற்றம் தேவைப்படாது. ஒரு சாட்சியை முன்னும் பின்னும் நகர்த்துவது, ‘நிச்சயம்’ என்பதை ‘என்று நினைக்கிறேன்’ ஆக்குவது, நிறைவு வாதத்தில் ஒரு சான்றை விட்டுவிடுவது ஆகியவையே போதும். எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நடிப்பவர் இயல்பிலேயே வசீகரமானவர் என்றால், அவருக்குச் சற்றுப் பலவீனமான வழக்கைக் கொடுங்கள். நடிகரின் கவர்ச்சியும் ஒரு சான்றுதான்.

இரண்டு முடிவுகளையும் சம அளவில் ஒத்திகை பாருங்கள். காட்சிகள் தொடங்கிய பிறகு ஒரு முடிவு பல நாள் வராமலே இருக்கலாம். திடீரென்று வரும் நாளில் ஒளி அமைப்பவர் தடுமாறுவார். ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு, நேற்று வராத முடிவை ஒருமுறை ஓட்டிப்பார்ப்பது நல்லது.

பார்வையாளர்களைக் கேள்வி கேட்க அனுமதிக்கப் போகிறீர்களா? எழுத்தில் மட்டும் அனுமதியுங்கள். பணியாளர் சீட்டுகளைச் சேகரித்து நீதிபதியிடம் தருவார். அவர் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து வாசிப்பார். இதற்கு ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு பக்கத் தகவல் தாள் வேண்டும்: அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைப் பற்றிப் பொய் சொல்வார். தாளில் இல்லாத கேள்வி வந்தால் “நினைவில்லை” என்பதே பதில். புதிதாக எதையும் இட்டுக்கட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். குடையின் நிறம் என்ன என்று யாரோ கேட்க, நடிகர் ஆர்வத்தில் ‘சிவப்பு’ என்றால், சான்றுப் பெட்டியில் கறுப்புக் குடை கிடக்கும். அதை வைத்தே இருபது பேர் வாக்களிப்பார்கள்.

காட்சி நாளன்று

அரை மணி நேரம் முன்பே பெட்டிகளையும் வில்லைகளையும் எண்ணி வைத்துவிடுங்கள். தாமதமாக வருபவர்களுக்குக் குற்றச்சாட்டின் சுருக்கத்தை ஒரு தாளில் கொடுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு வருபவருக்கு வாக்கு இல்லை என்பது கடுமையாகத் தெரிந்தாலும் நியாயம். குழந்தைகளுடன் வருபவர்களுக்காக, கொலையின் விவரங்கள் பேசப்படும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரை நோக்கி யாராவது கத்தினால் நீதிபதி மேசையைத் தட்டி, “அமைதி காக்காவிட்டால் வெளியேற்றப்படுவீர்கள்” என்று பாத்திரத்திலேயே இருந்து சொல்லலாம். பெரும்பாலும் கைதட்டல் கிடைக்கும்.

ஒவ்வொரு காட்சியின் வாக்கு எண்ணிக்கையையும் ஒரு பேரேட்டில் எழுதி வாருங்கள். அன்று என்ன மாற்றியிருந்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தொடர்ந்து மூன்று காட்சிகளில் ஒரே பக்கம் எழுபது விழுக்காட்டைத் தாண்டினால் திருத்த வேண்டும். காட்சி முடிந்து வெளியே நிற்கும்போது, “உண்மையில் அந்தப் பெண்தான் செய்தாரா?” என்று நடிகையை மறித்துக் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்பதையும் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்: “என் வழக்கறிஞரைக் கேளுங்கள்.”